சிறிய வீட்டுக்குச் செம்மண் நிறம் ஆகாது என்று யார் சொன்னது?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடம் பத்துக்குப் பதினொன்று. ஜன்னல் ஒன்றே ஒன்று, மேற்குப் பார்த்தது. அந்தக் கூடத்தின் ஒரு சுவருக்குச் செம்மண் நிறம் அடிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து ஆளாளுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சிறிய வீட்டுக்கு வெள்ளைதான் சரி, மிஞ்சிப் போனால் சந்தன நிறம், அடர்த்தியாக அடித்தால் வீடு குகை மாதிரி ஆகிவிடும் என்றார்கள். அத்தை ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இந்த 'வெள்ளை அடித்தால் வீடு பெரிதாகத் தெரியும்' என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். வெளிச்சம் தாராளமாக வருகிற வீட்டில் அது உண்மை. சுவரோடு சுவர் ஒட்டிய வட சென்னை வீடுகளில் பகல் பன்னிரண்டு மணிக்கே விளக்கு எரிகிறது. வெளிச்சம் இல்லாத மூலையில் வெள்ளை வெள்ளையாக இருப்பதில்லை. சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பதினைந்து வருடம் அந்தச் சாம்பலைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடையில் இந்த நிறத்தை 'டெரகோட்டா' என்று நிற அட்டையில் போட்டு, ஏதோ வெளிநாட்டு நாகரிகம் போல விற்கிறார்கள். அது இத்தாலியச் சொல்; பொருள் சுட்ட மண், அவ்வளவுதான். சுட்ட மண் நமக்குப் புதிதா? செங்குன்றம் என்று ஊருக்கே பெயர் வைத்தவர்கள் நாம். மார்கழியில் கோலத்தைச் சுற்றிக் காவி பூசாத வாசல் உண்டா? கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக ஓடுகிறது. 1892இல் கட்டி முடித்த உயர் நீதிமன்றம் இன்றும் அந்தச் செங்கல் சிவப்பில்தான் நிற்கிறது.

எனக்கு இந்த நிறம் ஆயாவின் ராயபுரம் வீட்டுத் தரையிலிருந்து வந்தது. சிவப்பு ஆக்சைடு போட்ட தரை. வெள்ளிக்கிழமை துடைத்து முடித்ததும், பழைய வேட்டித் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, மண்டியிட்டு வட்ட வட்டமாகத் தேய்ப்பார். உத்தரத்தின் நிழல் அதில் விழும். ஆள் நடந்து நடந்து வாசற்படி அருகே மட்டும் நிறம் மங்கி, மாதுளைத் தோல் போல ஆகியிருந்தது. மற்ற இடமெல்லாம் ஐம்பது வருடம் கழித்தும் அதே சிவப்பு. காரணம் அது இரும்பு ஆக்சைடு. வெயிலுக்கும் வெளுக்காது, சுண்ணாம்பு, சிமென்ட் காரத்துக்கும் கெடாது. மஞ்சள் காவியைச் சுட்டால் அதிலிருக்கும் நீர் போய்ச் சிவப்புக் காவியாகிவிடும். இவ்வளவு எளிய பொருள்.

ஆனால் அட்டையைப் பார்த்து மட்டும் நிறத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நான் கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் தேர்ந்தெடுத்தது, சுவரில் இரண்டடிச் சதுரம் அடித்துப் பார்த்தபோது ஈரல் நிறத்தில் வந்தது. 'காய்ந்தால் இன்னும் கறுக்கும் அக்கா' என்று பெயின்டர் அப்போதே சொன்னார். அவர் சொன்னது போலவே ஆனது. அடுத்து, மஞ்சள் சற்றுத் தூக்கலான, வெளிறிய இரண்டு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடித்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தோம். காலை ஏழு, நடுப்பகல், மாலை, இரவு என்று நான்கு வேளையும் பார்த்த பிறகுதான் ஒன்றைப் பிடித்தோம். ஒரு சுவருக்கு இரண்டு கோட் அடிக்க ஒன்றரை லிட்டர் ஆனது. மற்ற மூன்று சுவரும் மேல்தளமும் பால் வெள்ளை இல்லை, மோர் நிறம். பளீர் வெள்ளைக்குப் பக்கத்தில் செம்மண் முரட்டுத்தனமாகத் தெரியும்.

விளக்கையும் மாற்றினேன். பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். 6500 கெல்வின் நீல வெள்ளை வெளிச்சத்தில் இந்த நிறம் செத்துப் போகிறது. 3000 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டதும் சுவருக்கு உயிர் வந்துவிட்டது. பெயின்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் பல்பில் கஞ்சத்தனம் பார்ப்பது எனக்குப் புரியவே இல்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஈரம் ஏறிய சுவரில் உப்பு பூக்கும். வெள்ளைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பு, செம்மண் சுவரில் கோலமாவு கொட்டியது போலத் தெரியும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை முதலில் நிறுத்துங்கள். புதுப் பூச்சு என்றால் நான்கு வாரமாவது காயவிட்டு, பிறகு பட்டி, பிரைமர், அதன் பின் நிறம். அவசரப்பட்டால் அடுத்த மழைக்கே உரியும்.

இப்போது மாலை ஐந்து மணிக்கு வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து அந்தச் சுவரில் விழும்போது கூடம் முழுக்க இளஞ்சிவப்பாகிறது. அந்த நேரத்தில் அத்தை தன் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு பூ கட்டுகிறார். நேற்று, சமையலறைக்கு எப்போது அடிக்கப் போகிறாய் என்று கேட்டார்.