கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய வண்டி

"ஜப்பான் வண்டியா? கண்ணை மூடிக்கிட்டு வாங்கு." எத்தனை பேர் என்னிடம் இப்படிச் சொல்லியிருப்பார்கள், நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்படித்தான் ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டியையும் வாங்கினேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பிறகு அடங்கிவிடும். ஜப்பான் வண்டிதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். கடைசியில் மெக்கானிக் அண்ணன்தான் பானெட்டைத் தூக்கி, இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினார். துணியில் துடைத்து, திரும்ப உள்ளே விட்டு எடுத்தார். நுனியில் கறுப்பாக ஒரு துளி. கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

"தம்பி, கடைசியா இத எப்ப பாத்தீங்க?"

"அடுத்த சர்வீசுக்கு இன்னும் நாள் இருக்குண்ணே."

"சர்வீசுக்கு நாள் இருக்கு. ஆயில்தான் இல்ல."

வண்டிக்குக் கீழே ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழியாக இன்ஜினே ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்தது. அந்த இன்ஜினுக்கு, அந்தச் சில வருடங்களில் வந்த வண்டிகளுக்கு மட்டும், அது ஊரறிந்த வியாதியாம். அதே மாடலின் முந்தைய தலைமுறைக்கு அது இல்லை. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கமெண்ட் முழுக்க அந்தச் சண்டைதான் நடக்கும், நான் சொல்லவந்தது அடிபட்டுப் போகும்.

சொல்லவந்தது இவ்வளவுதான். நாம் நம்பிக்கையை முகப்பில் இருக்கும் லோகோவின் மேல் வைக்கிறோம். வண்டி நிற்பதும் ஓடுவதும் அதற்குள் இருக்கும் குறிப்பிட்ட இன்ஜின், குறிப்பிட்ட கியர்பாக்ஸ், அது தயாரான வருடம், முந்தைய ஓனரின் கை, இவற்றைப் பொறுத்தது.

லோகோவின் வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 1984ல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சேர்ந்து கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் நம்மி என்ற தொழிற்சாலையை நடத்த ஆரம்பித்தார்கள். பிறகு அங்கிருந்து டொயோட்டா கொரோலாவும் வந்தது, ஜியோ பிரிசம் என்ற அமெரிக்கப் பெயர் கொண்ட காரும் வந்தது. வெளித் தகடும் சில அலங்காரமும் வேறு. மற்றபடி இரண்டும் உடன்பிறப்புகள். அதே கூரை, அதே தொழிலாளிகள், அடிப்படையில் அதே இன்ஜின். ஆனால் கொரோலாதான் கூடுதலாக விற்றது, பழைய வண்டிச் சந்தையிலும் அதற்குத்தான் மதிப்பு நின்றது. விவரம் தெரிந்த சிலர் பிரிசத்தை மலிவாக வாங்கிக் கொரோலா ஓட்டிய சுகத்தை அனுபவித்தார்கள். மற்றவர்கள் லோகோவுக்குக் கூடுதல் காசு கொடுத்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. டொயோட்டா முதன்முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பிய டொயோபெட் கிரவுன் அங்கே ஒரு கேலிப்பொருள். 1950களின் கடைசியில் நடந்த கதை இது. ஹைவே வேகத்தில் அதிரும், மேட்டில் திணறும். 1960 முடிவதற்குள் அதன் விற்பனையை நிறுத்தவேண்டி வந்தது. 70களின் ஜப்பான் கார்கள் சல்லடையாகத் துருப்பிடித்ததையும் அந்தக் காலத்து ஆட்கள் மறக்கவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில் குறைந்த பெட்ரோலில் ஓடும் சின்ன வண்டி என்று வாங்கியவர்கள், 'அட, நிற்காமல் ஓடுகிறதே' என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கிருந்துதான் பேச்சு பரவியது.

இதில் விசித்திரம் என்னவென்றால், பெயர் பழுதிலிருந்தும் பிறக்கும். 1989ல் டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸின் எல்எஸ் 400 வந்து சில மாதங்களிலேயே, இரண்டு மூன்று புகார்களை வைத்து, அதுவரை விற்ற சுமார் 8,000 வண்டிகளையும் திரும்ப அழைத்தார்கள். வண்டியை எடுத்துச் சென்று, சரிசெய்து, கழுவி, டேங்க் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்குள் வேலை முடிந்தது. புத்தம்புது வண்டியில் குறை என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கழுவிக் கொடுத்ததுதான் கதையாக நின்றது.

பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் நல்லதோ கெட்டதோ லேசில் உதிராது. சுபாருவை எடுத்துக்கொள்ளுங்கள். 90களின் கடைசியிலும் 2000களிலும் வந்த 2.5 லிட்டர் இன்ஜினில் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிபாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) கசிவது உண்மையான பிரச்சினை. 2010லிருந்து வேறு இன்ஜின் குடும்பம் வர ஆரம்பித்துவிட்டது. 2024 டிசம்பரில் வெளியான, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் பத்திரிகையின் நம்பகத்தன்மைப் பட்டியலில் லெக்ஸஸையும் டொயோட்டாவையும் தாண்டி சுபாருதான் முதலிடம். இருந்தும் சுபாரு வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி, "ஹெட் கேஸ்கட் போகுமே?" நாம் பேசுவது பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய வண்டியைப் பற்றித்தான்.

நிசான் கதை இன்னும் சிக்கலானது. அதன் சிவிடி (படிப்படியாக மாற்றும் கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ்கள் கொடுத்த தொல்லைக்கு வாரண்டியையே நீட்டவேண்டி வந்தது. அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களுக்குப் பத்து வருடம் அல்லது 1,20,000 மைல். இது கற்பனைக் குறை இல்லை, பாதிக்கப்பட்டவர்களின் கோபம் நியாயம். ஆனால் அந்தக் கோபம் 'சிவிடி' என்ற மூன்றெழுத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டது. டொயோட்டா ஹைப்ரிட் வண்டியின் விவரத்தாளில் 'இ-சிவிடி' என்று பார்த்ததும் ஓடிப்போனவர்களை எனக்குத் தெரியும். வழக்கமான சிவிடியில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு உலோக பெல்ட் ஓடும். தேய்வதும் வழுக்குவதும் அங்கேதான். டொயோட்டா பிரியஸ் வகை ஹைப்ரிடில் அந்தப் பெல்டே கிடையாது. ஒரு கோள் பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும்தான். டாக்ஸி ஓட்டுபவர்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டித் தேய்க்கிற வண்டி அது. பெயர் ஒன்று, எந்திரம் வேறு.

சரி, சர்வே பார்த்து வாங்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், எதை எண்ணுகிறார்கள் என்று தெரிந்து பார்க்கவேண்டும். ஜே.டி. பவர் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் நீண்டகால ஆய்வு மூன்று வயதான வண்டிகளில் 100க்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுகிறது. அதில் போன் ப்ளூடூத்தில் சேராததும் ஒரு பிரச்சினை, கியர்பாக்ஸ் கைவிடுவதும் ஒரு பிரச்சினை. மூன்றாவது வருடத்தில் திரை மக்கர் செய்வதால் பின்தங்கும் வண்டி பதினைந்தாவது வருடத்திலும் ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய வண்டி வாங்குகிற எனக்கு மூன்று வயதுக் கணக்கால் பெரிய லாபமில்லை.

ரீகாலையும் (குறையுள்ள வண்டியைக் கம்பெனியே திரும்ப அழைப்பது) நம்பகத்தன்மையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இன்னொரு கூத்து. தகாட்டா என்ற ஜப்பான் உதிரிபாக கம்பெனியின் ஏர்பேக் விவகாரத்தில் ஹோண்டா பெயர்தான் அதிகம் அடிபட்டது, தகாட்டாவின் பெரிய வாடிக்கையாளர் அவர்கள்தான். ஆனால் அதே உதிரி பிஎம்டபிள்யூவிலும் ஃபோர்டிலும் இருந்தது. பையை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் வருடக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, பை விரியும்போது உலோகத் துண்டுகளை முகத்தில் எறிந்தது. உயிர்கள் போயின, 2017ல் தகாட்டா திவாலானது. இதில் அந்த ஹோண்டா இன்ஜின்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதே நேரம் வண்டி நிற்காமல் ஓடிவிட்டால் கம்பெனி யோக்கியம் என்றும் ஆகிவிடாது. வாடிக்கையாளர் புகார்களைப் பல வருடம் மறைத்ததாக 2000ல் ஒப்புக்கொண்டது மிட்சுபிஷி. டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹாட்சு 2023 டிசம்பரில் பாதுகாப்புச் சோதனை மோசடிக்காகத் தன் எல்லா மாடல்களின் அனுப்புதலையும் நிறுத்தியது. என்னைக் கேட்டால் ஆயில் குடிக்கும் இன்ஜினை மன்னித்துவிடுவேன், இதை மன்னிப்பது கஷ்டம்.

டொயோட்டாவே விதிவிலக்கில்லை. 2022, 2023 டுண்ட்ரா பிக்கப்பின் புதிய வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜினில், உலோகத்தைக் கடையும்போது உண்டான துகள்கள் உள்ளேயே தங்கி பேரிங்கைத் தின்றன. சுமார் ஒரு லட்சம் வண்டிகள் ரீகால், தீர்வு இன்ஜினையே மாற்றுவது. அதற்கு முன்பிருந்த எட்டு சிலிண்டர் வி8 முரட்டு உழைப்பாளி. ஒரே லோகோ, ஒரே மாடல் பெயர், நடுவில் ஒரு தலைமுறை. புது இன்ஜின் வந்த முதல் வருட வண்டியை நான் தொடாததற்கு இதுதான் காரணம், யார் தயாரித்திருந்தாலும்.

போன மாதம் ஒரு நண்பன், "எந்த பிராண்ட் வாங்கட்டும்?" என்றான். எந்த வருடம், எந்த இன்ஜின், என்ன கியர்பாக்ஸ், சர்வீஸ் பில் இருக்கிறதா என்று கேட்டேன். "டேய், நல்லதா கெட்டதா மட்டும் சொல்லு" என்று எரிந்து விழுந்தான்.

அந்தப் பழைய வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. டிக்கியில் எப்போதும் ஒரு லிட்டர் ஆயில் கேன், ஒரு துணி, ஒரு சின்னப் புனல். ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பன் வந்தபோது கோட்டைப் பார்த்துப் பார்த்து ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் பானெட்டைத் தட்டிக்கொடுத்துச் சொன்னான்: "பாரு, இத்தனை வருஷமாகியும் ஓடுது. ஜப்பான்னா ஜப்பான்தான்டா."