25 மில்லியன் யூரோ டிஃபெண்டர்

கால்பந்து கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் சீசனிலும் "பார்சிலோனா வாங்கி ஏமாந்த வீரர்கள்" என்று யாராவது ஒரு பட்டியல் போடுவார்கள். அதில் டிமித்ரோ சிஹ்ரின்ஸ்கி பெயர் தவறாமல் இருக்கும். நீளமுடி வைத்த உயரமான உக்ரைன்காரர். 25 மில்லியன் யூரோவுக்கு வந்தார், பன்னிரண்டு லீக் ஆட்டம் ஆடினார், அடுத்த வருடமே திரும்பிப் போனார். இவ்வளவுதான் கதை என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். 2006இல் உக்ரைன் முதன்முதலாக உலகக் கோப்பை ஆடி காலிறுதி வரை போனதே, அந்த அணியில் இவருக்கும் இடம் இருந்தது. வயது 19. அதே வருடம் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பையில் இறுதிப் போட்டி வரை வந்த உக்ரைன் அணியிலும் இருந்தார். 2009 மே மாதம் இஸ்தான்புல்லில் உக்ரைன் கிளப் ஷக்தார் டொனெட்ஸ்க் 2-1 என்று ஜெர்மனியின் வெர்டர் பிரெமனை வீழ்த்தி, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றபோது நடுத்தடுப்பில் குச்செருடன் நின்றவர் இவர்தான். அந்த அணியில் முன்னால் ஓடுபவர்கள் பெரும்பாலும் பிரேசில்காரர்கள்: வில்லியன், ஃபெர்னாண்டின்யோ, ஜட்சன், லூயிஸ் அட்ரியானோ. அவர்களுக்குப் பின்னாலிருந்து பந்தைப் பதறாமல் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஷக்தார் பயிற்சியாளர் லூசெஸ்கு அந்த வேலையை ஒரு இளைஞனை நம்பிக் கொடுத்திருந்தார். பார்சிலோனா பயிற்சியாளர் குவார்டியோலா கண்ணில் பட்டதும் அதுதான்.

ஆனால் வாங்கிய நேரம் இருக்கிறதே! 2009 ஆகஸ்ட் கடைசி. ஷக்தாரும் பார்சிலோனாவும் ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் மோதிய அதே வாரம். சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம் ஒரு நாள்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஸ்பெயின் லீக், ஸ்பெயின் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என மூன்று கோப்பைகளையும் ஒரே வருடத்தில் வென்ற அணி பார்சிலோனா. டிஃபென்ஸ் கோடு மைதானத்தின் நடுவட்டம் வரை ஏறி நிற்கும், பின்னால் அத்தனை இடமும் காலி. அதில் எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பது பக்கத்தில் நிற்பவனோடு மாதக்கணக்கில் ஆடினால்தான் பிடிபடும். பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் புயோலும் பிக்கேவும். அவர்களில் யாரை உட்கார வைத்து இவரை ஆடவிடுவது? மார்க்கேஸ் வேறு இருந்தார்.

ஆக, விட்டுவிட்டுத்தான் ஆட்டம் கிடைத்தது. 2010 ஜனவரியில் ஸ்பெயின் கோப்பையான கோபா டெல் ரேயில் செவில்லாவிடம் சொந்த மைதானத்தில் 1-2 என்று தோற்ற ஆட்டத்திலும் இருந்தார். ஒரு ஃபார்வர்ட் மூன்று ஆட்டம் சொதப்பி நாலாவதில் ஒரு கோல் அடித்தால் எல்லாம் மன்னிக்கப்படும். நடுத்தடுப்பில் நிற்கும் சென்டர் பேக்குக்கு அந்த வசதி இல்லை. எண்பத்தொன்பது நிமிடம் சரியாக ஆடினால் யாருக்கும் நினைவிருக்காது, ஒரு நிமிடத் தவறுதான் நினைவிருக்கும்.

எனக்கு உண்மையில் எரிச்சல் வருவது அடுத்து நடந்ததில்தான். 2010 ஜூலையில் ரொசெல் பார்சிலோனா கிளப்பின் தலைவரானார். கையில் பணமில்லை, சம்பளம் கொடுக்கவே திண்டாட்டம் என்றார்கள். 150 மில்லியன் யூரோ வங்கிக் கடன் வாங்கினார்கள். அதே மாதம் சிஹ்ரின்ஸ்கியை 15 மில்லியனுக்கு ஷக்தாருக்கே விற்றார்கள். குவார்டியோலா அவரை வைத்துக்கொள்ளவே விரும்பினார், அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். பயிற்சியாளர் வேண்டும் என்று சொன்ன ஆளைக் கணக்குப்பிள்ளை விற்றதற்கு வீரர் எப்படிப் பொறுப்பாவார்? முந்தைய தலைவர் லபோர்ட்டா செய்த செலவு தவறு என்று காட்டவும் இந்த விற்பனை வசதியாகப் போயிற்று என்பது என் சந்தேகம். எட்டோவையும் கொடுத்து, மேலே 40 மில்லியனுக்கும் அதிகமாகக் கொட்டி இப்ராஹிமோவிச்சை வாங்கியதும் அதே 2009 கோடையில்தான். அந்தக் கணக்கைப் பார்த்தால் 25 மில்லியன் அவ்வளவு பெரிய ஊதாரித்தனமாகவும் தெரியவில்லை.

பணமில்லை என்ற அதே கோடையில், ஆகஸ்டில், லிவர்பூலிலிருந்து மஸ்கெரானோவை வாங்கினார்கள். அவர் மிட்ஃபீல்டர். ஆனால் 2011 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் வெம்பிளியில் பிக்கேவுக்குப் பக்கத்தில் சென்டர் பேக்காக நின்றது அவர்தான்! பின்னாலிருந்து ஆட்டத்தைக் கட்டக்கூடிய இன்னொரு டிஃபெண்டர் வேண்டும் என்று குவார்டியோலா கேட்டது வீண் பிடிவாதம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மஸ்கெரானோ அற்புதமாக ஆடினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு அந்த இடத்தில் பழகக் கிடைத்த அவகாசத்தில் பாதிகூட சிஹ்ரின்ஸ்கிக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு டொனெட்ஸ்கில் காயம் காயமாக வந்தது. பழைய வேகம் திரும்பவே இல்லை, இதை மறைக்க வேண்டியதில்லை. 2014இல் போர் வந்து ஷக்தார் ஊரைவிட்டே போனது. 2015இல் இவர் இன்னொரு உக்ரைன் கிளப்பான ட்னிப்ரோவுக்கு மாறினார், 2016இல் ஏதென்ஸின் ஏஇகே கிளப்புக்கு.

பட்டியல் போடுகிறவர்கள் யாரும் இந்த ஏதென்ஸ் கதையைச் சொல்வதில்லை. 2017-18 யூரோப்பா லீக் குரூப்பில் ஏஇகே ஏசி மிலானை இரண்டு ஆட்டத்திலும் 0-0 என்று நிறுத்தியது. ஆறு ஆட்டத்திலும் தோல்வியே இல்லை. அடுத்த சுற்றில் டைனமோ கீவ் வந்தது. 1-1, 0-0. அதிலும் தோற்கவில்லை, மொத்த கோல் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்தவர்களுக்கே வெற்றி என்ற வெளிமைதான கோல் விதியில் வெளியேறினார்கள். அந்த வசந்தத்தில் கிரேக்க லீக் பட்டம், ஏஇகேவுக்கு 24 வருடத்துக்குப் பிறகு. டிஃபென்ஸில் முப்பத்தொரு வயது சிஹ்ரின்ஸ்கி.