1:12 என்றால் 12 டிகிரி இல்லை

ஒருவர் பகிர்ந்திருப்பது: ஓவியக்கூட வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் சரிவு 11 டிகிரி, விதி 1:12 கேட்கிறது, எனவே அது விதிக்குள்தான் இருக்கிறது. அளந்தது சரியாகவே இருக்கலாம், ஆனால் 1:12 கோண அளவு இல்லை, விகிதம். 1 செ.மீ. ஏற 12 செ.மீ. கிடைமட்ட நீளம் வேண்டும். இது ஏறத்தாழ 4.8 டிகிரிதான். (போன் ஆப் டிகிரியில் காட்டுவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.) 11 டிகிரி என்பது கிட்டத்தட்ட 1:5. வாசலில் மூன்று படி, படிக்கு 15 செ.மீ. உயரம் என்றால் மொத்தம் 45 செ.மீ.; 1:12-க்கு 5.4 மீட்டர் நீளம் தேவை. 1:5-ல் அது 2.3 மீட்டரிலேயே முடிந்துவிடும். அவ்வளவு செங்குத்தில் சக்கர நாற்காலியைத் தானே தள்ளி ஏறுபவரின் முன்சக்கரம் தூக்கலாம், நாற்காலி பின்னால் கவிழலாம். இறங்கும்போது கால்தாங்கி தரையில் முட்டலாம்.

நீங்களே பார்க்கலாம். 1.2 மீட்டர் நேர்ப்பலகையின் ஒரு முனையைச் சாய்தளத்தில் ஊன்றி, மறுமுனையைக் கீழ்ப்பக்கமாக நீட்டி, ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பிடியுங்கள். அந்த மறுமுனைக்கும் அதற்கு நேர் கீழே உள்ள சாய்தளப் பரப்புக்கும் இடைவெளி 10 செ.மீ.க்குள் இருந்தால் 1:12 சரி. 11 டிகிரியில் 23 செ.மீ. வரும். போனில் அளப்பதானால் பலகையைச் சாய்தளத்தின் மேலேயே சரிவாகப் படுக்கவைத்து, கேமரா மேடு பலகையில் படாதபடி போனை அதன் மேல் வையுங்கள்; பட்டால் அது கணக்கைக் கெடுக்கும். நடுவில் மட்டும் அளந்து விட்டுவிடாதீர்கள். வாசற்படியோடு சேரும் கடைசி அரை மீட்டர் இன்னும் செங்குத்தாக இருக்கக்கூடும்.

இந்திய அரசின் 2021 ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டியிலும் சாய்தளப் பகுதியில் 1:12 விகிதமாகவே இருக்கிறது.