ஒரே விடை வருவது துல்லியத்துக்குச் சான்று அல்ல

கணிதச் சார்புகளைச் சோதிப்பது பற்றிய உங்கள் கட்டுரை, லாங் டபுள் (சி மொழியில் டபுளுக்கு அடுத்த நிலையில் உள்ள தசம எண் வகை) சார்புகளை எல்லா வன்பொருளிலும் ஓட்டி, விடைகள் பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலி) லினக்ஸில் லாங் டபுள் 80 பிட். அதில் எண்ணின் துல்லியத்துக்கு 64 பிட். 64 பிட் ஆர்ம் செயலி லினக்ஸில் அது 128 பிட், துல்லியம் 113 பிட். கணக்கீடு மென்பொருளில் நடக்கிறது. ஆப்பிளின் ஆர்ம் கணினிகளிலோ அது வெறும் டபுள்தான், அதாவது வழக்கமான தசம எண் வகைதான். மூன்றுக்கும் சரியான விடையே வேறு வேறாக இருக்கும்போது எதை எதோடு ஒப்பிடுவது?

எம்பிஎஃப்ஆர் போன்ற, வேண்டிய அளவு துல்லியத்தில் கணக்கிடும் நிரல் நூலகத்தில் கூடுதல் துல்லியத்தோடு கணக்கிட்டு, அந்தந்த வடிவத்தின் கடைசி இலக்க அலகில் பிழை எவ்வளவு என்று அளப்பதே நியாயமான வழி.

சோதனை எண்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதும் ஆபத்தான யோசனை. எக்ஸ்86 செயலிகளின் எக்ஸ்87 கணக்கீட்டுப் பகுதியில், சைன் காணும் எஃப்சைன் கட்டளை, பையின் மதிப்பை 66 பிட் அளவில் மட்டுமே வைத்துக் கோணத்தைக் குறைக்கிறது. அதனால் பைக்கு மிக அருகில் உள்ள உள்ளீடுகளுக்கு விடையின் முதல் சில இலக்கங்களே தேறும். கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய எண்கள் அந்த இடத்தைத் தொடவே தொடாது! பையின் மடங்குகள், இயல்பற்ற எண்கள் (முழுத் துல்லியத்தோடு எழுத முடியாத அளவுக்கு மிகச் சிறியவை), எதிர்மப் பூச்சியம், முடிவிலியின் விளிம்பு ஆகியவற்றை வேண்டுமென்றே தேடிப்போய்ச் சோதிக்க வேண்டும்.

இன்னொன்று: 80 பிட் எண் நினைவகத்தில் பெரும்பாலும் 16 பைட் இடம் எடுத்துக்கொள்கிறது. மீதி 6 பைட்டில் என்ன கிடக்கும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. கட்டுரையில் உள்ளபடி மெம்கம்ப் (நினைவகத்தை பைட் பைட்டாக ஒப்பிடும் சார்பு) கொண்டு ஒப்பிட்டால், சரியான சார்பும் தோற்றதாகக் காட்டக்கூடும். அந்த நிரலையாவது உடனே திருத்திவிடுங்கள்.