அந்நேரத்தில் அவருக்கு அங்கே என்ன வேலை?

யாராவது காணாமல் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டால் நம் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். போனவர் சைக்கிளில், அதுவும் ராத்திரியில் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். டோனி பார்சன்ஸ் காணாமல் போன செய்தியை முதன்முதலில் படித்தபோது நானும் இதையேதான் கேட்டேன். ராத்திரி ராத்திரியாக சைக்கிள் ஓட்டுகிற ஆள் நான். எனக்கே அப்படிக் கேட்கத் தோன்றியது. அது இன்றைக்கும் மனசை உறுத்துகிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்துக்காரர். வயது 63. முன்னாள் கடற்படை வீரர். புரோஸ்டேட் புற்றுநோய் வந்து, சிகிச்சை எடுத்து மீண்டவர். புற்றுநோய்க்கான நிதி திரட்ட ஒரு நெடும்பயணம் போவது என்று முடிவு செய்தார். 2017 செப்டம்பர் 29, வெள்ளிக்கிழமை. சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வடக்கே ஃபோர்ட் வில்லியம் வரை போய், அங்கிருந்து தன் ஊரான டிலிகூல்ட்ரிக்கு ஓட்டிக்கொண்டே திரும்புவது திட்டம். 104 மைல், அதாவது சுமார் 167 கிலோமீட்டர். மாலை 4 மணி வாக்கில் கிளம்பினார். 6 மணி வாக்கில் கிளென்கோ கிராமத்தைத் தாண்டினார். இரவு பதினொன்றரைக்கு பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி என்ற சிற்றூரில் சாலையோர ஹோட்டலில் நின்றார். அங்கிருந்து ஏ82 சாலையில் தெற்கே போனார். அதற்கப்புறம் அவரைப் பார்த்தவர்கள் இல்லை.

இதைப் படித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வரைபடத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிட்டேன். மாலை 4 மணிக்கு ஏன் கிளம்பினார், காலையில் கிளம்பியிருக்கலாமே? கிளென்கோவிலிருந்து பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி வரை 40 கிலோமீட்டர்தானே, அதற்கு ஏன் ஐந்தரை மணி நேரம்? பதினொன்றரைக்கு ஹோட்டல் வாசலில் நிற்கிறவர் அங்கேயே படுக்காமல் ஏன் இருட்டுக்குள் போனார்? வேறு வழியில் திரும்பிவிட்டாரோ? ஆற்றில் விழுந்துவிட்டாரோ? இல்லை, திரும்பி வரக்கூடாது என்றே போனாரோ? இந்தக் கடைசிக் கேள்வி வரைக்கும் போனேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவருடைய குடும்பம் ஊர் ஊராக, ஊடகம் ஊடகமாகக் கெஞ்சிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

சரி, ஒரு சைக்கிள்காரனாக அந்தக் கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஏ82 அந்தப் பகுதியில் குறுகலான சாலை. ஓரத்தில் ஒதுங்கி ஓட்ட இடம் கிடையாது. பகலில் சுற்றுலாப் பேருந்தும் கேரவனும் லாரியும் உரசிக்கொண்டு போகும். ராத்திரியில் அது காலியாகிவிடும். அந்தச் சாலையை இருட்டியபின் கடக்க நினைத்ததில் எனக்கு எந்த விநோதமும் தெரியவில்லை. ரயிலில் தூரம் போய் வீட்டை நோக்கி ஓட்டுவதும் எங்கள் கூட்டத்தில் சகஜம். கால் ஓய்ந்துபோகும் நேரத்தில் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டாம். பயணம் முடிகிற இடத்தில் நம் வீட்டுக் கதவு இருக்கும்.

அப்புறம் அந்த ஐந்தரை மணி நேரம். கிளென்கோவை விட்டதும் சாலை மேலே மேலே ஏறும். ஏறி முடித்தால் ரானாக் மூர். மரமே அரிதான, சதுப்பும் குட்டையுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரியும் வெட்டவெளி. செப்டம்பர் கடைசியில் அங்கே ஏழு மணிக்கே சூரியன் இறங்கிவிடும். 63 வயதுக்காரர், சைக்கிளின் முன்விளக்கு காட்டும் பத்து இருபது அடி வெளிச்சத்தில், மேட்டில் ஏறிப்போகிறார். நடுவில் நின்று, மூச்சு வாங்கி, எதையாவது மென்று, மறுபடி ஏறி. இதில் என்ன மர்மம் இருக்கிறது?

வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் ரொம்ப நேரம் மல்லுக்கட்டினேன். பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கியிலிருந்து டிலிகூல்ட்ரி போக வேறு சாலையே கிடையாது. அந்தப் பக்கம் பிரிகிற ஒரு சின்ன சாலை ஆற்றோடு மேற்கே டால்மாலிக்குப் போகிறது. அது வீட்டுக்கு எதிர்ப்பக்கம். தெற்கே டைண்ட்ரம், கிரியன்லாரிக், அப்புறம் கிழக்கே திரும்பி காலண்டர், ஸ்டிர்லிங், ஊர். மனிதர் நேர்வழியில்தான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்நேரத்தில் அவருக்கு அங்கே என்ன வேலை என்றால், வீட்டுக்குப் போகிற வேலை.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரெவே என்கிற, நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் பயணங்கள் தெரியுமல்லவா? 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்தில், 400ஐ 27 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ராத்திரி ஓட்டாமல் 400 ஆகாது. முன்னே விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, உடம்பில் ஒளி பட்டால் மின்னும் சட்டை, எல்லாம் கட்டாயம். ஒருமுறை உளுந்தூர்பேட்டை தாண்டி ராத்திரி இரண்டு மணி இருக்கும். ரோந்து ஜீப் பக்கத்தில் வந்து மெதுவாக உருண்டது. ஏட்டய்யா தலையை வெளியே நீட்டி, "தம்பி, எங்கப்பா போற இந்நேரத்துல?" என்றார். "திருச்சிக்குங்க சார்." "பஸ்சு இல்லையா?" "இருக்கு சார். ஓட்டணும்னுதான் வந்தேன்." கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டில் சண்டையா, கடனா, காதலா என்று அவர் மனசுக்குள் ஓடியது எனக்குத் தெரிந்தது. அப்புறம், "முன்னாடி டீக்கடை தொறந்திருக்கும், குடிச்சிட்டுப் போ" என்றார். அடுத்த நாலைந்து கிலோமீட்டர் ஜீப் என் பின்னால் இடைவெளி விட்டு வந்தது. என் பின்விளக்கை எந்த லாரியும் தவறவிடாதபடி அதன் நீல விளக்கு சுழன்றுகொண்டே இருந்தது. அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் காவலுக்கு வந்தார்.

டோனி பார்சன்ஸைத் தேடி மலை மீட்புக் குழுக்கள் போயின. மோப்ப நாய்கள் போயின. காடு, ஆறு, சதுப்பு எல்லாம் தேடினார்கள். மூன்று வருடத்துக்கு மேல் ஒன்றுமே கிடைக்கவில்லை.

அன்றிரவு நடந்தது பிறகு நீதிமன்றத்தில் வெளிவந்தது. அவர் நின்ற அதே ஹோட்டலில் அன்று மாலை இரட்டைச் சகோதரர்கள் இருவர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலுள்ள ஆக் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். குடித்துவிட்டு அவர்களில் ஒருவன் இசுசு பிக்கப் வண்டியை வேகமாக ஓட்டிவந்து ஏ82வில் இவர் மீது மோதினான். விலா எலும்பு, இடுப்பெலும்பு, முதுகெலும்பு எல்லாம் நொறுங்கின. ஆனால் உடனே உயிர் போகவில்லை. 20 முதல் 30 நிமிடம் வரை உயிரோடு இருந்திருப்பார் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆம்புலன்சை அழைக்கவில்லை. விட்டுவிட்டுப் போனார்கள். வேறு வண்டியில் திரும்பி வந்து உடலை எடுத்துப்போய் எஸ்டேட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள். பிறகு செத்த விலங்குகளைப் போடுகிற இடத்தில் புதைத்தார்கள். வண்டி நசுங்கியதற்கு மான் மேல் மோதிவிட்டதாக ஒரு கதை. அந்த ஊரில் மான் குறுக்கே வருவது வழக்கம், அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் தாங்கவில்லை. நள்ளிரவில் சைக்கிளில் போனவரின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் என்னைப் போன்றவர்கள் கணக்குக் கேட்டோம். மான் மேல் மோதியதாகச் சொன்ன வண்டிக்கு அப்படி யாரும் கணக்குக் கேட்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டுவது ஊர் வழக்கம், அகாலத்தில் சைக்கிள் மிதிப்பது விபரீதம் என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. காணாமல் போனவரின் நேரத்தையும் வழியையும் போலீஸ் கேட்டுத்தான் ஆகவேண்டும். எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நாம் கேட்பது தேடுவதற்கு இல்லை. அவர் ஏதோ தப்பு செய்திருப்பார், நமக்கு அப்படி நடக்காது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் கேட்கிறோம். நான் அப்படித்தான் கேட்டேன்.

உண்மையை வெளியே கொண்டுவந்தது ஒரு பெண். வண்டியை ஓட்டியவனின் காதலி. சேர்ந்து வாழப்போகிறோம், நம் எதிர்காலத்தைக் கெடுக்கிற மாதிரி பழசு ஏதாவது இருக்கிறதா என்று அவனிடம் கேட்டிருக்கிறார். அவன் சொல்லிவிட்டான். புதைத்த இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினான். அந்த வெட்டவெளியில் மறுபடி இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? கையிலிருந்த ரெட் புல் டப்பாவை அவன் கவனிக்காதபடி அங்கே போட்டுவிட்டு வந்தார். போலீசில் சொன்னார். 2021 ஜனவரியில் உடல் கிடைத்தது. புதைத்தவனோடு தனியாக அந்த மண்ணில் நின்றுகொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல், ஒரு டப்பாவை நழுவவிட எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

2023இல் கிளாஸ்கோ உயர் நீதிமன்றத்தில் ஓட்டியவன் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டான். 12 ஆண்டு சிறை. மறைக்க உதவிய சகோதரனுக்கு 5 ஆண்டு 3 மாதம்.

தீர்ப்பு வந்த அன்று ராத்திரி அந்தப் பழைய வரைபடத்தை மறுபடி திறந்தேன். இந்தமுறை வேறு கணக்குப் போட்டேன். பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி வரும்போது அவர் 66 கிலோமீட்டர் வாக்கில் முடித்திருந்தார். பெரிய ஏற்றமெல்லாம் பின்னால் போய்விட்டது. மிச்சம் சுமார் 100 கிலோமீட்டர். டைண்ட்ரமுக்குப் பத்தே கிலோமீட்டர். அவர் போன வேகத்தில், வழியில் இரண்டு மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தாலும், காலண்டர் பக்கம் வரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். சனிக்கிழமை காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்திருப்பார்.