அந்த 54% கட்டுரை எழுதுவதற்கான கணக்கு இல்லை

'அமெரிக்கப் பிள்ளைகளில் 54% பேர் சாட்ஜிபிடியில்தான் கட்டுரை எழுதுகிறார்கள்' என்று உங்கள் பதிவில் போட்டிருக்கிறீர்கள். மக்கள் கருத்தைக் கேட்டறியும் அமெரிக்க அமைப்பான பியூ ஆய்வு மையம் 2024 இலையுதிர்காலத்தில் அங்குள்ள 13 முதல் 17 வயதுக்காரர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு அது. ஆனால் 54 என்பது பயன்படுத்துகிறவர்களின் எண்ணிக்கையே இல்லை. புதிதாக ஒரு விஷயத்தைத் தேடிப் படிக்க சாட்ஜிபிடியை வைத்துக்கொள்வது சரியா என்று கேட்டதற்கு 'சரி' என்றவர்கள் 54%. கணக்குப் போட வைத்துக்கொள்ளலாமா என்றபோது அது 29% ஆக இறங்கியது. கட்டுரை எழுதவா? வெறும் 18%.

பள்ளிப் பாடத்துக்கு உண்மையிலேயே பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 26%. 2023இல் இது 13%, அதாவது ஒரே வருடத்தில் இரட்டிப்பு. கவலைப்பட வேண்டுமென்றால் இதற்குப் படலாம், நியாயம்தான். அதிலும் 'பாடத்துக்கு' என்றால் சந்தேகம் கேட்டதும் சேர்த்திதான்; முழுக் கட்டுரையையும் எழுத வைத்தார்கள் என்று ஆகாது.

'சரியா?' என்ற கேள்வியையும் 'செய்தாயா?' என்ற கேள்வியையும் ஒன்றாகக் கலந்ததால் வந்த வினை இது. சதவீதத்தைப் பகிரும்முன் அதன் மேலே அச்சிட்டிருக்கும் கேள்வி வாசகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். தேடுவது வேறு, எழுதித் தரச் சொல்வது வேறு என்று அந்தப் பிள்ளைகளே பிரித்துச் சொல்லியிருக்கும்போது, எல்லாரையும் காப்பியடிப்பவர்களாக ஆக்குவது அநியாயம். பதிவைத் திருத்திவிடுங்கள்.