உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது அப்புறம்

எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளுக்கு ஒரு பனியன் வந்தால் முதல் வேலை அதை உள்பக்கம் திருப்புவதுதான். ஓரத்தைப் பூட்டும் ஓவர்லாக் தையல் எங்கே விட்டிருக்கிறது, பிசிறு எங்கே தொங்குகிறது, தோளில் டேப் நேராக ஏறியிருக்கிறதா, எல்லாம் உள்ளேதான் தெரியும். பதினாறு வருஷமாக இதே வேலை. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காலரைக்கூட என் கை தானாகத் திருப்பப் பார்க்கும். ஒருமுறை திருப்பியே விட்டேன். வீட்டுக்காரர் வழி ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர். அந்தக் கதை இன்றைக்கு வேண்டாம்.

போன வாரம் கட்டிங்கில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் டீ டைமில் வந்து நின்றான். நான் புத்தகம் படிப்பவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, ஒரு நாவல் எழுதலாம்னு இருக்கறனுங்க. எப்படி எழுதறதுன்னு ஒரு புக்கு சொல்லுங்க."

போனை நீட்டினான். ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருந்தான். எழுதுவது எப்படி, திரைக்கதை எழுதுவது எப்படி, பாத்திரத்தைப் படைப்பது எப்படி என்று பதினோரு புத்தகங்கள்.

"ஏந்தம்பி, நாவலு எத்தனை படிச்சிருக்கற?"

"இன்னும் ஒண்ணும் இல்லீங்க. மொதல்ல டெக்னிக்கத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் படிக்கலாம்னு."

சிரிக்கவில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இங்கிலீஷைத் தட்டுத் தடுமாறிப் படித்த காலத்தில் என் கையில் முதலில் சிக்கியது இங்கிலீஷ் நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் நாவல்கலை பற்றி எழுதிய புத்தகம். 1927-ல் கேம்பிரிட்ஜில் அவர் பேசிய சொற்பொழிவுகள். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது வெறும் கதை. அரசன் இறந்தான், அந்தத் துக்கம் தாளாமல் அரசியும் இறந்தாள் என்றால் அது கதைப்பின்னல் என்பார். பாத்திரங்களில் ஒரே குணத்தோடு நிற்கும் தட்டையானவை உண்டு, பல பக்கங்களோடு நம்மை வியக்கவைக்கும் உருண்டையானவை உண்டு என்பார். அருமையான புத்தகம்தான். ஆனால் நான் என்ன செய்தேன்? அதற்கப்புறம் எடுத்த ஒவ்வொரு நாவலிலும் ஆட்களை நல்ல பீஸ், செகண்ட்ஸ் என்று பிரிக்கிற மாதிரிப் பிரித்துக்கொண்டே போனேன். இவர் தட்டை, இவர் உருண்டை. ஒரு வருஷம் ஒரு நாவலிலும் மனசு ஒட்டவில்லை. கூடவே நானும் ஒன்று எழுதத் தொடங்கி, அறுபது பக்கத்தில் நின்றது. அந்த நோட்டு இன்னும் அட்டாலியில் கிடக்கிறது.

என்னை அதிலிருந்து மீட்டது ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942-ல் வந்த நாவல். தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பட்டம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. எங்கள் அமுச்சிக்கு, அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன், அதுதான் முக்கியம். அமுச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். கண் ஆபரேஷன் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த நாட்கள். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு ஒட்டுக்கா இருந்துகொண்டே நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். கெட்டியப்பன் அவளைத் தூண்டிவிடுகிறான். மேலே சொல்ல மாட்டேன். படித்துக்கொள்ளுங்கள்.

நான் அவளைக் குடும்பத்தைக் கெடுக்கிறவள் என்றே நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அமுச்சி பாதியில் நிறுத்தினார்.

"பங்கு கேட்டா என்ன தப்புங்கறேன்? அவ புருசன் பாடுபட்ட மண்ணுதான?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. கணவன் சொத்தில் விதவைக்குப் பங்கு தரும் சட்டம் 1937-லேயே வந்துவிட்டது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-ல் பிரிட்டிஷ் காலத்து பெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. அடுத்த வருஷம் இந்த நாவல் வருகிறது. நாவலில் கோர்ட்டும் இல்லை, சட்டமும் இல்லை. காட்டு வேலையும் வாய்ச் சண்டையும்தான். ஆனால் காலடியில் மண்ணே இல்லாத ஒருத்தியின் ஆத்திரம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. எங்கள் அம்மா தலைமுறைக்கே தமிழ்நாட்டில் 1989-ல்தான் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தது. அமுச்சிக்கு இந்த வருஷக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் நாகம்மாளை அவர்தான் சரியாகப் படித்தார். தட்டையா உருண்டையா என்று கேட்கவே இல்லை.

இரண்டாம் முறை படித்தபோதுதான் பனியனை உள்பக்கம் திருப்பினேன். ஆசிரியர் பேசும்போது எழுத்துத் தமிழ். ஆட்கள் வாயைத் திறந்தால் கொங்குப் பேச்சு. இரண்டும் சேரும் இடத்தில் தையல் தெரியவே தெரியாது. இப்போது ஃபார்ஸ்டரை எடுத்தேன். அரசி ஏன் இறந்தாள் என்று அவர் கேட்ட அந்த 'ஏன்' அப்போதுதான் புரிந்தது. நாகம்மாளுக்கு ஏன் கோபம்? அது ஒரு காரணம் இல்லை, பத்துக் காரணம், பத்தும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. அதே புத்தகம்தான், முதல்முறை என்னைக் கெடுத்தது, இரண்டாம் முறை சொல்லிக்கொடுத்தது.

ஜெயமோகனின் 'நாவல் கோட்பாடு' படித்தபோது நன்றாகச் சண்டை போட்டேன், புத்தகத்தோடுதான். தமிழில் நாவல் என்று சொல்லப்படுவதில் நிறைய உண்மையில் குறுநாவல்தான், நாவலுக்கு ஒரு விரிவு வேண்டும் என்பது அவர் வாதம். அந்த அளவுகோலை வைத்தால் 'நாகம்மாள்' சின்னச் சைஸ்தான். அளவு அவர் சொல்வதாக இருக்கட்டும், போட்டுப் பார்த்தால் எனக்குச் சரியாக இருக்கிறதே! ஆனாலும் அந்தப் புத்தகத்தைப் பரிந்துரைப்பேன். சண்டை போட வைக்கிற புத்தகம் வீண்போகாது. நாலு நாவலாவது படித்துவிட்டுப் போனால்தான் சண்டை போட நம் கையில் ஏதாவது இருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் கொங்குப் பக்கத்து ஆட்கள் எழுத வேண்டும் என்றால், நான் தரும் பயிற்சிப் புத்தகம் பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'. அகராதியைப் போய்ப் பயிற்சிப் புத்தகம் என்கிறாளே என்று நினைக்காதீர்கள். பொடக்காளி, கட்டுத்தரை, வெசனம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே, நோட்டில் மட்டும் கொல்லைப்புறம், மாட்டுத்தொழுவம், கவலை என்று எழுதியவள் நான். என் அறுபது பக்கம் நின்றதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நெருங்கினால் போதும், "படிக்க வேண்டிய பத்து நாவல்" கேட்டு இன்பாக்ஸ் நிறைந்துவிடும். பட்டியல் போடுவது எனக்குப் பிடிக்காது. கேட்பவர் யார் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? பனியன் கம்பெனி ஆட்களுக்கு எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' கொடுப்பேன். ஐந்து நண்பர்களோடு சேர்ந்து திருப்பூரும் வளர்ந்து திரிந்துபோவதைச் சொல்கிற நாவல். சொந்தபந்தம் என்றால் உருகுகிறவர்களுக்கு தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது என்பதால் இல்லை, ஒரு சாவு வீட்டிலிருந்து ஒரு குலத்தின் வாழ்வையே விரிக்கிறார் என்பதால்.

ஆள் பார்த்துக் கொடுத்தும் தப்பியது உண்டு. எங்கள் மாமா ஒருவர் ஆடு வளர்க்கிறவர். ஆடு பற்றியே பேசுவார். சரி, இவருக்கு இதுதான் என்று பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யைக் கொடுத்தேன். கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சக்கிலியப் பையன் கூளையனின் கதை. பத்து நாள் கழித்து மாமா திருப்பிக் கொடுத்தார்.

"ஆட்டப் பத்தியெல்லாஞ் செரியாத்தான் எழுதியிருக்கறாப்ல."

அவ்வளவுதான் பேசினார். காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். அவர் சின்ன வயதில் அவர்கள் பண்ணையத்தில் ஒரு பையன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான் என்று பிற்பாடு அத்தை சொன்னார். மாமா அதற்கப்புறம் என்னிடம் புத்தகம் கேட்கவில்லை. கொடுத்தது தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை கொடுக்க நேர்ந்தாலும் அதையேதான் கொடுப்பேனோ என்னவோ.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் பட்டியலில் இருந்த பதினொன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆறு மாசம் கழித்துப் படி என்றேன். பையிலிருந்த 'நாகம்மாளை' எடுத்துக் கொடுத்தேன். எழுதுவதை நினைக்காமல் சும்மா படி, பென்சில் கையில் எடுக்காதே என்றும் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. பழைய காலத்துக் கதை என்று நினைத்திருப்பான்.

நேற்று கேண்டீன் பக்கம் பிடித்து, "என்ன தம்பி, எந்தப் பக்கத்துல இருக்கற?" என்றேன்.

தலையைச் சொறிந்தான். "எனக்கே இன்னும் கெடைக்கலீங்கக்கா. லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோனனுங்க, எங்கம்மா எடுத்து வெச்சுக்கிட்டாங்க. முடிச்சுட்டுத்தான் தருவாங்களாமா."